நெரிசலில் வழி தேட எறும்பு அல்காரிதம்: எங்கே உதவும், எங்கே உதவாது

நகரப் போக்குவரத்தில் வாகனங்களுக்கு நல்ல வழி கண்டுபிடித்துத் தரும் மென்பொருளை இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்திருக்கும் ஒரு மாணவர், அதற்கு எறும்புக் கூட்ட அல்காரிதத்தைப் பயன்படுத்த நினைக்கிறார். "டைக்ஸ்ட்ரா இருக்கும்போது எறும்பு எதற்கு?" என்று, மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் புகழ்பெற்ற பழைய அல்காரிதத்தைச் சுட்டிக்காட்டி, அவருடைய வழிகாட்டி கேட்டுவிட்டார். வழிகாட்டிக்கு என்ன பதில் சொல்வது, இயற்கையைப் பார்த்து உருவான இந்த அல்காரிதங்கள் உண்மையிலேயே போக்குவரத்துக்கு உதவுகின்றனவா என்பதே அவருடைய கேள்வி.

வழிகாட்டி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதில், "வழி கண்டுபிடிப்பது" என்று நீங்கள் எதைக் குறிப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு கணக்குகள் இருக்கின்றன. ஒரு வண்டி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக வேண்டியது ஒன்று. ஒரு கிடங்கிலிருந்து பல வண்டிகள் கிளம்பிப் பல வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியது இன்னொன்று. ஒரு நகரத்தின் வண்டிகள் அனைத்தும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக, அதே சாலைகளில் போக வேண்டியது மூன்றாவது. முதல் கணக்கில் எறும்புக்கு வேலை இல்லை. இரண்டாவதில் அது தன்னை நிரூபித்திருக்கிறது. மூன்றாவதில் எறும்பின் குணத்தைத் தலைகீழாகத் திருப்பினால்தான் பயன்படும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பல புராஜெக்டுகள் வாய்மொழித் தேர்வின் முதல் கேள்வியிலேயே தடுமாறுகின்றன.

இந்த அல்காரிதத்தின் தொடக்கம் பெல்ஜியத்தில் நடந்த ஒரு சோதனை. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் சைமன் காஸ், ழான்-லூயி டெனெபூர் ஆகியோரின் குழு 1980களின் இறுதியில் அர்ஜென்டினா எறும்புகளின் கூட்டுக்கும் உணவுக்கும் இடையே இரண்டு கிளைகள் உள்ள ஒரு பாலத்தை வைத்தது. ஒரு கிளை மற்றதைப்போல் இரு மடங்கு நீளம். தொடக்கத்தில் எறும்புகள் இரண்டிலும் ஏறக்குறைய சமமாகவே பிரிந்து போயின. குட்டையான கிளையில் போனவை சீக்கிரம் திரும்பியதால், அந்தக் கிளையில் அவை விட்டுச்சென்ற ஃபெரோமோன் என்னும் வாசனைப் பொருள் முன்னதாகச் சேர்ந்தது. அடுத்து வந்த எறும்புகள் வாசனை கூடிய பக்கம் சாய்ந்தன, அதனால் வாசனை இன்னும் கூடியது. சிறிது நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் குட்டையான கிளையிலேயே போய்வந்தன. எந்த எறும்பும் நீளத்தை அளக்கவில்லை, எந்த எறும்புக்கும் முழுப் பாலமும் தெரியாது.

அதே ஆய்வின் இன்னொரு பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முதலில் நீளமான கிளையை மட்டும் வைத்துவிட்டு, 30 நிமிடம் கழித்துக் குட்டையான கிளையைத் திறந்தபோது, எறும்புகளில் பெரும்பாலானவை பழைய நீளமான வழியை விட்டு மாறவே இல்லை. அதில் ஏற்கெனவே சேர்ந்திருந்த வாசனை அவ்வளவு வலுவாக இருந்தது, அது ஆவியாகும் வேகமும் மிகக் குறைவு. போக்குவரத்தைப் பற்றி யோசிப்பவருக்கு முதல் சோதனையைவிட இதுதான் முக்கியம். காலை 8 மணிக்கு நல்ல வழியாக இருந்தது 9 மணிக்குக் கெட்ட வழியாகிவிடும் உலகத்தில், பழைய நினைவை விடாத கூட்டம் நெரிசலுக்குள்தான் போய் நிற்கும்.

மிலான் பொறியியல் பல்கலைக்கழகத்தில் மார்க்கோ டொரிகோ 1992இல் தன் முனைவர் பட்ட ஆய்வாக இதைக் கணினிக்குக் கொண்டுவந்தபோது, ஆவியாதலை அல்காரிதத்தின் நடுநாயகமாக வைத்தார். இயற்கை எறும்புகளிடம் அது மெதுவானது. கணினி எறும்புகளிடம் வேண்டிய அளவுக்கு வேகப்படுத்தலாம். அல்காரிதத்தின் வேலை எளிமையானது. ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் ஓர் எண் ஒட்டப்பட்டிருக்கும், அதுதான் ஃபெரோமோன். கணினி எறும்பு ஒரு சந்திப்புக்கு வந்தால், அங்கிருந்து கிளம்பும் துண்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஃபெரோமோன் அதிகமாக உள்ள துண்டுக்கும் நீளம் குறைவான துண்டுக்கும் வாய்ப்பு அதிகம், ஆனால் மற்றவற்றுக்கும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. இந்த இரண்டு ஈர்ப்புகளில் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு அளவுருக்கள் தீர்மானிக்கும். எல்லா எறும்புகளும் பயணத்தை முடித்த பிறகு, எல்லாத் துண்டுகளின் ஃபெரோமோனிலும் ஒரு பங்கு குறைக்கப்படும். பிறகு ஒவ்வோர் எறும்பும் தான் போன துண்டுகளில், தன் பயணத்தின் நீளத்துக்கு நேர்மாறான அளவில், புதிதாகச் சேர்க்கும்.

கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ஓர் ஊருக்கு இரண்டு சாலைகள்: ஒன்று 10 நிமிடம், மற்றது 20 நிமிடம். இரண்டின் ஃபெரோமோனும் தொடக்கத்தில் 1. ஒவ்வொரு சுற்றிலும் 10 எறும்புகள்; பாதி ஆவியாகிவிடும்; குட்டைச் சாலையில் போகும் எறும்பு 1 அளவும் நீளச் சாலையில் போகும் எறும்பு 0.5 அளவும் சேர்க்கும். நீளத்தின் நேரடி ஈர்ப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம். முதல் சுற்றில் இரண்டிலும் ஐந்தைந்து எறும்புகள் போகின்றன. குட்டைச் சாலையில் 0.5 மிச்சத்தோடு 5 சேர்ந்து 5.5 ஆகிறது, நீளச் சாலையில் 0.5 மிச்சத்தோடு 2.5 சேர்ந்து 3 ஆகிறது. அடுத்த சுற்றில் குட்டைச் சாலைக்கான வாய்ப்பு 8.5இல் 5.5, அதாவது 65 சதவீதம். சராசரியாகப் பார்த்தால் அதற்கடுத்த சுற்றில் 74 சதவீதம், பிறகு 80 சதவீதம் என்று அது ஏறும். மூன்றே சுற்றில் கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இந்தச் சாய்வு எவ்வளவு வேகமாக நிகழலாம் என்பதில்தான் அல்காரிதத்தின் திறமையும் அதன் நோயும் அடங்கியிருக்கின்றன. மிக வேகமாகச் சாய்ந்தால், தற்செயலாகக் கிடைத்த ஒரு சுமாரான வழியிலேயே கூட்டம் உறைந்துபோகும். அதைத் தடுக்கவே தாமஸ் ஸ்டூட்ஸ்லேயும் ஹோல்கர் ஹூஸும் 2000இல் வெளியிட்ட வடிவத்தில் ஃபெரோமோனுக்கு ஒரு மேல் எல்லையும் ஒரு கீழ் எல்லையும் வைத்தார்கள். எந்தத் துண்டும் முழுமையாக மறக்கப்படுவதில்லை, எந்தத் துண்டும் அளவுக்கு மீறி ஆதிக்கம் செலுத்துவதில்லை.

இனி முதல் கணக்குக்கு வருவோம். ஒரே ஒரு வண்டி, ஒரு புறப்பாடு, ஒரு சேருமிடம் என்றால் உங்கள் வழிகாட்டி சொல்வதுதான் சரி. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, தாளும் பேனாவும் இல்லாமல், ஏறக்குறைய 20 நிமிடத்தில் யோசித்து முடித்து 1959இல் வெளியிட்ட அல்காரிதம், மிகக் குறைந்த நேரமெடுக்கும் வழியை உறுதியாகக் கண்டுபிடிக்கும். "ஏறக்குறைய நல்லது" என்ற பேச்சே அதில் இல்லை. 1968இல் வந்த ஏ-ஸ்டார் அதன் தேடலைச் சேருமிடத்தின் பக்கம் திருப்பியது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் 2008இல் உருவான ஒரு முறை, சாலை வலையமைப்பை முன்கூட்டியே படிநிலைகளாகச் சுருக்கி வைத்துக்கொள்வதால், ஏறக்குறைய 1.8 கோடி சந்திப்புகள் கொண்ட மேற்கு ஐரோப்பிய வரைபடத்தில் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்தில் விடையைத் தருகிறது. இதே வேலைக்கு நூறு எறும்புகளை நூறு சுற்று ஓடவிட்டால், நேரமும் அதிகமாகும், விடை சரியானதுதானா என்ற உறுதியும் இருக்காது.

"போக்குவரத்து மாறிக்கொண்டே இருக்கிறதே, டைக்ஸ்ட்ரா அதைச் சமாளிக்குமா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். சமாளிக்கும். ஒரு சாலைத் துண்டுக்கு ஒரே ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளாமல், எத்தனை மணிக்கு நுழைந்தால் எவ்வளவு நேரமாகும் என்ற அட்டவணையை வைத்துக்கொண்டு அதே அல்காரிதத்தை ஓட்டலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஒரு சாலையில் பிந்தி நுழையும் வண்டி முந்தி நுழைந்த வண்டிக்கு முன்னால் வெளியே வரக் கூடாது. சாலைகளின் சராசரி நேரத்தை எடுத்துக்கொண்டால் இந்த நிபந்தனை பொதுவாகப் பொருந்தும். பொருந்தினால் விடை முழுச் சரியாகவே இருக்கும். எனவே "நேரத்துக்கு நேரம் மாறும் போக்குவரத்து" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி எறும்பை உள்ளே கொண்டுவர முடியாது.

இரண்டாவது கணக்கில் நிலைமை தலைகீழ். ஜார்ஜ் டான்ட்சிக்கும் ஜான் ராம்சரும் 1959இல், பெட்ரோல் கிடங்கிலிருந்து விற்பனை நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டுபோகும் லாரிகளை வைத்து இந்தக் கணக்கை முதன்முதலில் எழுதினார்கள். எந்த லாரி எந்த நிலையத்துக்குப் போவது, எந்த வரிசையில் போவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டாலே, ஒரு கிடங்கையும் 9 இடங்களையும் சுற்றி வர 1,81,440 வழிகள் உண்டு. 19 இடங்களானால் அது 6-க்குப் பின் 16 பூஜ்யங்கள் போடும் எண்ணைத் தாண்டிவிடும். இதற்கு டைக்ஸ்ட்ரா நேரடியாக உதவாது. இரண்டு இடங்களுக்கு நடுவே எவ்வளவு நேரமாகும் என்ற அட்டவணையைத் தயாரித்துக் கொடுப்பதோடு அதன் பங்கு முடிந்துவிடுகிறது. சிறிய கணக்குகளுக்கு முழுச் சரியான விடை கிடைக்கும். நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள், ஒவ்வொருவருக்கும் "காலை 9 முதல் 10 வரைதான் சரக்கு இறக்கலாம்" என்பது போன்ற நேர வரம்புகள் என்று வந்துவிட்டால், கைக்கு எட்டும் நேரத்தில் நல்ல விடை கிடைத்தாலே போதும் என்ற நிலைக்கு வந்துவிடுவோம். தோராயமாகத் தேடும் முறைகளுக்கு உரிய இடம் இதுதான்.

சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் உள்ள செயற்கை நுண்ணறிவு ஆய்வு நிலையத்தில் லூகா மரியா கம்பர்டெல்லாவும் அவருடைய சகாக்களும் 1999இல் வெளியிட்ட முறையை நான் இதற்கு மிக நல்ல உதாரணமாகக் கருதுகிறேன். அதில் ஒன்றுக்கு இரண்டு எறும்புக் கூட்டங்கள் இருக்கின்றன. ஒரு கூட்டத்தின் வேலை வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. மற்றதன் வேலை, கிடைத்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மொத்தப் பயண நேரத்தைக் குறைப்பது. கையில் 12 வண்டிகளுக்கான திட்டம் இருக்கிறது என்றால், முதல் கூட்டம் 11 வண்டிகளை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை வாடிக்கையாளர்களுக்குச் சரக்கு கொடுக்க முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது விடுபட்டால், விடுபடும் வாடிக்கையாளருக்கு அடுத்த சுற்றுகளில் முன்னுரிமை கூடும். எல்லோருக்கும் கொடுத்து முடிக்கும் ஒரு திட்டம் கிடைத்த அந்த நொடியில் இரண்டு கூட்டங்களும் கலைக்கப்பட்டு, 11 வண்டிகளை வைத்துக்கொண்டு புதிய கூட்டங்கள் தொடங்கும். சரக்கு நிறுவனத்தின் மேலாளர் யோசிக்கும் வரிசையும் இதுதான்: முதலில் வண்டியும் ஓட்டுநரும், பிறகு டீசல்.

அதே ஆய்வு வட்டாரத்திலிருந்து வந்த இரண்டு தொடர்ச்சிகள் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானவை. இத்தாலியின் படுவா நகரத்துச் சாலை வலையமைப்பில், நாளின் நேரத்தைப் பொறுத்து வேகம் மாறும்போது என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். வேகம் மாறாது என்று வைத்துக்கொண்டு தயாரித்த மிகச் சிறந்த திட்டம், உண்மையான நெரிசல் நேரத்தில் ஓடவிட்டால் சிறந்ததாக இருப்பதில்லை. நேர வரம்பு இருக்கும் இடங்களில் அது நிறைவேற்றவே முடியாத திட்டமாகவும் ஆகிவிடலாம், ஏனென்றால் ஒரு இடத்தில் ஏற்படும் பத்து நிமிடத் தாமதம் பின்னால் வரும் எல்லா இடங்களையும் தள்ளிவிடுகிறது. இன்னொன்று, லுகானோ பகுதியில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயைக் கொண்டுபோகும் லாரிகள். அங்கே ஆர்டர்கள் நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும், லாரிகள் ஏற்கெனவே சாலையில் இருக்கும். நாளைச் சிறு சிறு நேரத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் புதிய ஆர்டர்களைச் சேர்த்துத் திட்டத்தை மறுபடி போட்டார்கள். முந்தைய துண்டில் சேர்ந்த ஃபெரோமோனை முழுவதும் அழிக்காமல் ஒரு பங்கை அடுத்த துண்டுக்கு எடுத்துச் சென்றதுதான் அதன் சூட்சுமம். காலை 10 மணியின் கணக்கும் 10.30 மணியின் கணக்கும் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், பழைய நினைவு தேடலை நல்ல இடத்திலிருந்து தொடங்க வைக்கிறது. ஆவியாதல் இருப்பதால் அந்த நினைவு கழுத்தைப் பிடிப்பதில்லை. எறும்பு அல்காரிதத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் நேர்மையாகச் சொல்லக்கூடிய காரணம் இது.

இருந்தாலும், இந்த இரண்டாவது கணக்கிலேயே இன்று முன்னணியில் நிற்பது எறும்பு அல்ல. 1975இல் ஜான் ஹாலண்ட் தன் நூலில் வகுத்த, நல்ல விடைகளைப் பெற்றோர்போல் கலந்து புதிய விடைகளைப் பிறப்பிக்கும் மரபணு அல்காரிதத்தின் வழித்தோன்றல்களே அங்கே ஓங்கி நிற்கின்றன. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்தியான் பிரின்ஸ் 2004இல், வாடிக்கையாளர்கள் அனைவரையும் வண்டிப் பிரிவினை இல்லாமல் ஒரே நீண்ட வரிசையாக எழுதி, அந்த வரிசைகளைத்தான் பெற்றோரும் பிள்ளைகளுமாகக் கலந்தார். எங்கே வெட்டி வண்டிகளுக்குப் பிரிப்பது என்பதை மட்டும் ஒரு குறுந்தொலைவுக் கணக்காக மாற்றி, முழுச் சரியாகத் தீர்த்தார். திபோ விடாலும் அவருடைய கூட்டாளிகளும் 2012இல் இதை மேலும் வளர்த்தார்கள்: ஒரு திட்டத்தின் மதிப்பை அதன் செலவை மட்டும் வைத்து எடைபோடாமல், மற்றத் திட்டங்களிலிருந்து அது எவ்வளவு வேறுபடுகிறது என்பதையும் சேர்த்து எடைபோட்டார்கள், கொள்ளளவை மீறும் திட்டங்களையும் அபராதத்தோடு உயிரோடு வைத்திருந்தார்கள். இயற்கையிலிருந்து எடுத்த யோசனை பாதி, கணிதக்காரரின் கைவேலை பாதி. எறும்பு முறைகளிலும் இப்படித்தான்: எறும்பு கட்டிய ஒவ்வொரு திட்டத்தையும் இரண்டு இணைப்புகளை வெட்டி மாற்றி ஒட்டிப் பார்க்கும் உள்ளூர்த் திருத்தம் இல்லாவிட்டால், தனி எறும்பு பெரிய கணக்குகளில் தோற்றுவிடும். உங்கள் நிரலில் அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெற்றியில் எறும்பின் பங்கு எவ்வளவு என்பது அப்போது தெரியும்.

மூன்றாவது கணக்குதான் மூன்றிலும் சுவையானது. தலைப்பில் "போக்குவரத்து நெரிசல்" என்று போடுபவர் உண்மையில் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதுதான். எறும்பின் அடிப்படைக் குணம், கூட்டம் போன வழியில் மேலும் கூட்டம் சேர்வது. சாலையின் அடிப்படைக் குணம், கூட்டம் சேர்ந்தால் மெதுவாவது. இரண்டும் எதிரெதிர். வண்டிகளையே எறும்புகளாக வைத்து, அதிக வண்டிகள் போன சாலைக்கு அதிக ஃபெரோமோன் என்று எழுதிவிட்டால், நெரிசலைப் பெருக்கும் இயந்திரத்தைத்தான் செய்து வைத்திருப்போம்.

அளவோடு பார்க்கலாம். அமெரிக்காவின் பொதுச் சாலைகள் துறை 1964இல் வெளியிட்டு, இன்றும் போக்குவரத்துப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் உண்டு: வண்டிகளின் எண்ணிக்கையைச் சாலையின் கொள்ளளவால் வகுத்து, அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 0.15ஆல் பெருக்கினால், காலியான சாலையில் ஆகும் நேரத்தைப்போல் எத்தனை பங்கு கூடுதல் நேரமாகும் என்பது கிடைக்கும். மேலே சொன்ன 10 நிமிடச் சாலையின் கொள்ளளவு மணிக்கு 1,000 வண்டிகள், 20 நிமிடச் சாலையின் கொள்ளளவு 2,000 வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2,000 வண்டிகள் போக வேண்டும். எல்லாமே குட்டைச் சாலையில் நுழைந்தால் அது 34 நிமிடச் சாலையாகிவிடும். ஒவ்வொருவரும் தனக்கு நல்லதைப் பார்த்து மாறிக்கொண்டே இருந்தால், ஏறக்குறைய 1,600 வண்டிகள் குட்டைச் சாலையிலும் 400 நீளச் சாலையிலுமாக நிலைகொள்ளும். இரண்டிலும் ஏறத்தாழ 20 நிமிடமாகும். ஜான் கிளென் வார்ட்ராப் 1952இல் வரையறுத்த சமநிலை இதுதான்: யாரும் தனியாக மாறி லாபம் பார்க்க முடியாது. ஆனால் 1,100 வண்டிகளைக் குட்டைச் சாலையிலும் 900 வண்டிகளை நீளச் சாலையிலும் போகச் செய்ய முடிந்தால், முதலாவதில் 12 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலும் இரண்டாவதில் 20 நிமிடமுமாகி, சராசரி 16 நிமிடத்துக்கும் கீழே வந்துவிடும். நீளச் சாலையில் போகும் 900 பேருக்கும் முன்பிருந்த சமநிலையைவிடச் சொல்லத்தக்க நஷ்டம் ஏதுமில்லை. ஆனால் அவர்களில் ஒவ்வொருவருக்கும் குட்டைச் சாலைக்கு ஓடிவிடும் ஆசை இருந்துகொண்டே இருக்கும்.

டைக்ஸ்ட்ராவால் இந்தப் பிரிவினையைத் தனியாகத் தர முடியாது. அது ஒவ்வொரு வண்டிக்கும், கேட்ட நொடியில் எது சிறந்ததோ அதைச் சொல்லும். ஒரே நேரத்தில் கேட்கும் ஆயிரம் வண்டிகளுக்கும் ஒரே பதிலைச் சொல்லும். அதன் விளைவு எப்படியிருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள லியோனியா என்ற சிற்றூர் சாட்சி. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் நெரிசலைத் தவிர்க்க வழிகாட்டிச் செயலிகள் வண்டிகளை அந்த ஊரின் குடியிருப்புத் தெருக்களில் திருப்பிவிட்டதால், 2018 ஜனவரியில் அந்த ஊர் நிர்வாகம் காலை, மாலை நெரிசல் நேரங்களில் 60 தெருக்களை வெளியூர் வண்டிகளுக்கு மூடியது.

ஆகவே மூன்றாவது கணக்கில் வேலை செய்யும் ஃபெரோமோன் ஈர்ப்பதாக இருக்கக் கூடாது, விலக்குவதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வண்டியும் தான் இருக்கும் சாலையிலும், இன்னும் சற்று நேரத்தில் போகவிருக்கும் சாலைகளிலும் ஒரு தடயத்தை விடும். தடயம் கூடக் கூட அந்தச் சாலை மற்ற வண்டிகளுக்குக் கசக்கும். நேரம் ஆக ஆக அது ஆவியாகும். இதில் மிக முக்கியமானது "போகவிருக்கும்" என்பதுதான். இப்போதைய நெரிசலை மட்டும் பார்த்து விலகினால், காலியாகத் தெரியும் சாலைக்கு எல்லோரும் ஒன்றாகப் பாய்வார்கள். ஐந்து நிமிடத்தில் அது நிரம்பும். பிறகு எல்லோரும் திரும்பப் பாய்வார்கள். வண்டிகள் தங்கள் எண்ணத்தை முன்பதிவு செய்தால், அந்தச் சாலை நிரம்புவதற்கு முன்பே அது நிரம்பப்போகிறது என்பது மற்றவற்றுக்குத் தெரிந்துவிடும்.

உண்மையான எறும்புகள் இந்த விஷயத்தில் நம் கணினி எறும்புகளைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆய்வாளர் ஒத்ரே துசுதூரும் சகாக்களும் 2004இல் கறுப்புத் தோட்ட எறும்புகளைச் சமமான இரண்டு கிளைகள் கொண்ட பாலத்தில் விட்டார்கள். பாலம் அகலமாக இருந்தபோது எறும்புகள் வழக்கம்போல் ஒரே கிளையில் குவிந்தன. பாலத்தைக் குறுகலாக்கியபோது, கிளை பிரியும் இடத்தில் எதிரே வருபவற்றின் மீது மோதித் தள்ளப்பட்ட எறும்புகள் மற்றக் கிளைக்குத் திரும்பின. கூட்டம் இரண்டு கிளைகளிலும் பிரிந்துகொண்டது, மொத்த ஓட்டமும் குறையவில்லை. வாசனை இழுக்க, மோதல் தள்ள, இரண்டுக்கும் நடுவே சமநிலை ஏற்பட்டது. 2019இல் துசுதூரின் குழு அர்ஜென்டினா எறும்புகளை வைத்து, 400 முதல் 25,600 எறும்புகள் வரையிலான கூட்டங்களில் இன்னொரு சோதனையை நடத்தியது. வாகனங்களிலும் பாதசாரிகளிலும் பாதையின் 40 சதவீதம் நிரம்பியதும் ஓட்டம் குறையத் தொடங்கிவிடும். எறும்புகளில் 80 சதவீதம் நிரம்பிய பிறகும் அது குறையவில்லை. நெரிசல் மிகும்போது அவை பாதையில் நுழைவதையே தவிர்த்தன. நெரிசல் நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பாமல் இருப்பது என்னும் தீர்வு, எந்த வழி தேடும் அல்காரிதத்திலும் இல்லாதது. ஆனால் புறப்படும் நேரத்தையும் ஒரு முடிவாக உங்கள் மாதிரியில் சேர்த்துக்கொள்ளலாம், அப்படிச் சேர்த்த புராஜெக்டுகள் அரிது.

எறும்பைத் தவிர மற்ற உயிர்களைப் பற்றியும் கேட்பார்கள். ஜப்பானில் நாககாகி, டெரோ ஆகியோரின் குழு 2010இல் டோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்களின் இடங்களில் 36 ஓட்ஸ் துணுக்குகளை வைத்து, ஒரு மஞ்சள் நிறச் சளிப் பூஞ்சையை வளரவிட்டது. 26 மணி நேரத்தில் அது அமைத்த குழாய் வலை, செலவிலும் உறுதியிலும் அந்தப் பகுதியின் ரயில் வலையமைப்போடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. அழகான சோதனைதான், ஆனால் அது சாலையை எங்கே போடுவது என்ற கேள்விக்கானது, இருக்கும் சாலையில் எப்படிப் போவது என்பதற்கானது அல்ல. தேனீ, ஓநாய், வௌவால், திமிங்கிலம், மின்மினி என்று நீளும் பட்டியலில் பெரும்பாலானவை, பழைய முறைகளுக்குப் புதிய தோல் போர்த்தியவையே என்பது என் கருத்து. ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தின் கென்னத் சோரென்சென் இதே குற்றச்சாட்டை விரிவான கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். ஒரு விலங்கின் பெயரை எடுத்துவிட்டு, எஞ்சும் கணக்கை மட்டும் ஒரு பத்தியில் எழுதிப் பாருங்கள். எஞ்சுவது ஏற்கெனவே பெயருள்ள ஒன்றாக இருந்தால், அந்த விலங்கை விட்டுவிடலாம்.

இனி புராஜெக்டுக்கான நடைமுறை. சரக்கு வண்டிகளை எடுத்துக்கொண்டால், மாரியஸ் சாலமன் 1987இல் வெளியிட்ட 100 வாடிக்கையாளர் கணக்குகளில் முதலில் சோதியுங்கள். அவற்றுக்கு இதுவரை கிடைத்த சிறந்த விடைகள் பொதுவில் இருப்பதால், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது அன்றே தெரிந்துவிடும். இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதே கணக்கை அதே நேர அவகாசத்தில் அதனிடமும் கொடுத்து விடையை ஒப்பிடுங்கள். தற்செயலைப் பயன்படுத்தும் அல்காரிதம் ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும் என்பதால், ஒரு முறை கிடைத்த நல்ல விடையைக் காட்டாமல், பல முறை ஓட்டிச் சராசரியையும் பரவலையும் காட்டுங்கள். மோசமான விடையையும் மறைக்காதீர்கள்.

நகர நெரிசலை எடுத்துக்கொண்டால், ஜெர்மன் விண்வெளி மையம் வளர்த்து 2001 முதல் வெளியிட்டுவரும் சுமோ என்ற, போக்குவரத்தைக் கணினியில் உருவகப்படுத்தும் (சிமுலேஷன்) திறந்த மூல மென்பொருள் போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்திலிருந்து உங்கள் ஊரின் சாலைகளை அதற்குள் கொண்டுவரலாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பைத்தானிலிருந்து ஒவ்வொரு வண்டியின் வழியையும் மாற்றலாம். அமெரிக்கச் சூத்திரத்தின் 0.15, நான்காம் அடுக்கு ஆகிய எண்கள் வரிசை பிசகாமல் போகும் கார்களுக்காகக் கணித்தவை. இரு சக்கர வண்டியும் ஆட்டோவும் பேருந்தும் ஒரே அகலத்தைப் பகிர்ந்துகொள்ளும் நம் ஊர்ச் சாலைகளுக்கு அவற்றை அப்படியே போட்டால் முடிவு பிசகும். ஒரே ஒரு சாலையிலாவது வண்டிகளை எண்ணி, நேரத்தை அளந்து, அந்த எண்களைத் திருத்திக்கொண்டால் உங்கள் அறிக்கைக்கு எடை கூடும்.

ஒப்பீட்டுக்கு மூன்று நிலைகளை வைத்துக்கொள்ளுங்கள்: எல்லா வண்டிகளும் காலியான சாலையின் நேரத்தை வைத்துப் போவது, எல்லா வண்டிகளும் நொடிக்கு நொடி டைக்ஸ்ட்ராவைக் கேட்டுப் போவது, விலக்கும் ஃபெரோமோனை வைத்துப் போவது. பிறகு, உங்கள் முறையைப் பின்பற்றும் வண்டிகளின் பங்கை 10 சதவீதம், 50 சதவீதம், 100 சதவீதம் என்று மாற்றி, பின்பற்றுபவர்களின் சராசரி நேரத்தையும் பின்பற்றாதவர்களின் சராசரி நேரத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். டைக்ஸ்ட்ராவை வைத்து ஓட்டும்போது, 10 சதவீதம் பேருக்குக் கிடைத்த லாபம், பின்பற்றுவோரின் பங்கு கூடும்போது பெரும்பாலும் கரைந்துபோகும். சாலைகள் மாறி மாறி நிரம்பி வடிவதையும் வரைபடத்தில் காணலாம். உங்கள் முறையில் சராசரி நேரத்தின் கோடு 100 சதவீதம் வரை கீழ்நோக்கியே இறங்கினால், வழிகாட்டியிடம் அந்த வரைபடத்தைக் காட்டுங்கள். இறங்காவிட்டால், முதலில் ஆவியாதல் வேகத்தையும், பிறகு முன்பதிவு எத்தனை நிமிடம் முன்னால் பார்க்கிறது என்பதையும் மாற்றிப் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.